சிறு கடைக்கு இரண்டாவது பூட்டு

இரவில் கடையைச் சாத்தும் வணிகர், பூட்டை மாட்டிய பின் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே வீட்டிற்குப் புறப்படுகிறார். மும்பைத் தாராவியில் இட்டலி அவித்து விற்பவராயினும், தில்லிக் கரோல்பாகில் மளிகை நடத்துபவராயினும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் பூக்கடை வைத்திருப்பவராயினும், இப்பழக்கம் எவரிடமும் தவறுவதில்லை. ஆனால் அன்றைய வருவாயில் ஒரு பகுதியே இப்போது கல்லாப்பெட்டியில் இருக்கிறது. மற்றொரு பகுதி கைப்பேசி வழியாக வங்கிக் கணக்கிற்குச் சென்றுவிடுகிறது. அந்தக் கணக்கின் பூட்டை இழுத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? இதைப் பற்றியே சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

2016-ஆம் ஆண்டில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் யூ.பி.ஐ. முறையைத் தொடங்கியது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வந்தது. பேரேடும் பற்றுவரவுக் குறிப்பும் கொண்டு நடந்த சிறு வணிகத்தை இவ்விரண்டும் கணினியின் முன் கொண்டுவந்து நிறுத்தின. பெரிய நிறுவனமாயின் இதற்கென்றே ஓர் அலுவலர் இருப்பார். நம் கடையிலோ முதலாளி, கணக்கர், காவற்காரர் மூவரும் ஒருவரே. அயல் மாநிலத்தில் தொழில் புரிவோர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வருகின்ற அறிவிப்பு இந்தியிலோ, மராத்தியிலோ, ஆங்கிலத்திலோ இருக்கிறது. அதன் பொருள் விளங்குமுன்பே அச்சம் தோன்றிவிடுகிறது. ஏமாற்றுவோர்க்கு அந்த அச்சமே முதல்.

முதலில் பணம் பெறும் முறையைக் கவனிப்போம். யூ.பி.ஐ.யில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கு உரியது. பெறுவதற்கு அது வேண்டுவதில்லை. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினால் பல மோசடிகள் வாயிலோடு நின்றுவிடும். "படைமுகாமுக்கு நூறு சாப்பாடு தேவை, முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டி, எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவர் கூறினால், அவர் பணம் கொடுக்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார் என்று அறிக. வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுத்தலாகாது. நம் கணக்கில் வரவு விழுந்த செய்தியே சான்று. கடை வாயிலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையின்மேல் வேறொருவர் தம்முடைய அட்டையை ஒட்டிச் செல்வதும் உண்டு. காலையில் கடை திறந்ததும் வீட்டாரின் கைப்பேசியால் அதைப் பார்த்து, நம் பெயரே தோன்றுகிறதா என்று சோதித்துவிடலாம். அதற்கு அரை நிமிடம் போதும்.

இரண்டாவது செய்தி, நம் சாவி யார் கையில் இருக்கிறது என்பதாகும். மொழி அறியாமையாலும் நேரமின்மையாலும் பலர் ஜி.எஸ்.டி. பதிவை ஒரு முகவரிடம் ஒப்படைக்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் பதிவில் முகவருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இடம்பெற்றுவிட்டால், ஓ.டி.பி. எண்களும் துறையின் அறிவிப்புகளும் அவருக்கே போகும். பதில் கூற வேண்டிய கெடு கடந்த பின்னரே கடைக்காரருக்குச் செய்தி தெரியும். முகவரோடு மனத்தாங்கல் நேர்ந்தால், சொந்தக் கணக்கிற்குள் நுழையவும் வழியிராது. ஆகவே எண்ணும் மின்னஞ்சலும் உரிமையாளருடையனவாகவே இருத்தல் வேண்டும். முன்னரே மாறிப்போயிருந்தால், உரிய சான்றுகளோடு தம் வட்டார வரி அலுவலரை அணுகினால், அவர் அவற்றை மாற்றிப் புதிய தற்காலிகக் கடவுச்சொல் கிடைக்கச் செய்வார். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அரசுத் தளம் போன்ற தோற்றங்காட்டிப் பதிவுக் கட்டணம் கேட்கும் இடத்தில் நம் ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் எழுதுவது, பணத்தோடு அடையாளத்தையும் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வரி எண்ணைப் படித்தறியும் பழக்கமும் பயன் தரும். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள் உள்ளன. முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்: தில்லிக்கு 07, மகாராஷ்டிரத்துக்கு 27, கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். புதிய வியாபாரி ஒருவர் பட்டியல் நீட்டும்போது, அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் இட்டுப் பார்த்தால், அது உண்மையா, பதிவு உயிரோடிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, அச்சுறுத்தும் அழைப்பு. "வரி ஏய்த்துள்ளீர், கைப்பேசித் திரையை விட்டு அகலாதீர், உம்மை மின்வழியில் கைது செய்திருக்கிறோம்" என்று சீருடை அணிந்த ஒருவர் மிரட்டுகிறார். இந்தியச் சட்டத்தில் அத்தகைய கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் தம் வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். வரித்துறையின் பெயரில் கடிதம் வந்தால் அதிலுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். மத்திய மறைமுக வரி வாரியம் 2019-இல் ஆவண அடையாள எண் முறையைக் கொண்டுவந்தது. ஜி.எஸ்.டி. தளம் வழியே வரும் கடிதத்துக்குக் குறிப்பெண் உண்டு. இவற்றை உரிய அரசுத் தளத்தில் சரிபார்க்கலாம். சரிபார்க்குமுன் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, கணக்குகளின் காப்பு. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு இரு மாதங்கள் முன்னரே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காதவர்களே பெரிதும் துன்புற்றனர். ஆதலால் கைப்பேசியும் கணினியும் புதுப்பிக்கக் கேட்கும்போது நாளைக்கு என்று தள்ளுதல் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டம், ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்கச் சொல்கிறது. எனவே வாரம் ஒருமுறை கணக்குகளைத் தனிச் சேமிப்பானில் படியெடுத்து, கணினியோடு இணைக்காமல் வீட்டில் வைத்திருப்பது நலம்.

ஐந்தாவது, நம்மை நம்பியவர்களின் விவரங்கள். கடன் வாடிக்கையாளரின் கைப்பேசி எண், முகவரி, ஆதார் படம் ஆகியவை நம்மிடம் இருக்கின்றன. தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. தேவையான விவரத்தை மட்டும் கேட்டு வாங்குதல், காரணத்தைக் கூறுதல், பாதுகாத்தல், தேவை முடிந்ததும் அழித்தல் ஆகியவை அதன் சாரம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் பெறவும் அச்சட்டம் இடந்தருகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று.

இவ்வளவு செய்தும் இழப்பு நேரக்கூடும். அப்போது நாணி மறைப்பதே பெருங்கேடு. "ஊரார் அறிந்தால் என்ன நினைப்பார்களோ" என்று தயங்கும் இரண்டு மணி நேரத்தில் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் இடைவழியில் நிறுத்தப்பட வாய்ப்புண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறியும் விரைவையே அடிப்படையாகக் கொண்டது. வாடிக்கையாளரிடமோ வங்கியிடமோ குற்றமில்லாதபோது, வங்கியின் செய்தி கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பில்லை என்று அது கூறியது. இரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் சொன்னவர்க்கும், வங்கிக்கு அறிவித்த பின் நேரும் இழப்பு அவரைச் சாராது என்றது.

வெளியூர்களில் நம்மவர் கூடும் தமிழ்ச் சங்கங்கள் பல உள்ளன. பொங்கல் விழாவுக்குக் கூடுவது போல, ஆண்டில் ஒரு ஞாயிறு மாலை இதற்கெனக் கூடி, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு கடைக்காரரின் கைப்பேசியையும் கணக்கையும் சரிபார்க்கச் செய்தால் எத்துணை நன்மை விளையும்! இன்றிரவு கடைப்பூட்டை இழுத்துப் பார்க்கும்போது இந்த இரண்டாவது பூட்டையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.