மீனுக்கும் வழி வேண்டும்

நாம் ஆணம் ஆக்கும் இறால் எங்கிருந்து வருகிறது? வற்றாப்பளையை ஒட்டிய நந்திக்கடலில் வளரும் இறால், முட்டையிடுவது பெருங்கடலில். குஞ்சுகள் வட்டுவாகல் முகத்துவாரத்தால் உள்ளே வரவேண்டும். கோடையில் மணல் அதை மூடும், மாரியில் திறக்கும்.

மனிதன் மூடினால்? அமெரிக்காவின் எல்வா ஆற்றில் மின்சாரத்துக்காக 1913இலும் 1927இலும் இரு அணைகள் கட்டி முடிக்கப்பட்டன. மீன் ஏற வழி வைக்கவில்லை. முட்டையிடக் கடலிலிருந்து வந்த சால்மன் மீன்கள் அணையடியில் தடைப்பட்டன. ஆற்றை நம்பிய பழங்குடியினர் நெடுங்காலம் போராடினர். 2011இல் தொடங்கி 2014க்குள் இரண்டும் அகற்றப்பட்டன. சால்மன் மேலேறியது. 2023இல் அம்மக்கள் அங்கே மீண்டும் சால்மன் பிடித்தனர்.

குளக்கட்டு இல்லாமல் வன்னியில் வயல் இல்லை. ஆனால், கட்டும்போதே மீனின் வழியையும் நினைக்க வேண்டாமா?