மீள்நிகழ் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்தல்: ஆர் மொழியும் சங்கச் சொல்லாய்வும்

டென்மார்க்கின் ஒடென்சே நகரிலுள்ள தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில், 1954இல் தொடங்கப்பெற்ற டேனிய இரட்டையர் பதிவேடு பேணப்பட்டு வருகிறது. அதனைக் கொண்டு 1996இல் வெளிவந்த ஆய்வொன்று, 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2,872 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்கே மரபுவழிப்பட்டது எனக் கணித்தது. அங்கு எழுப்பப்பட்ட வினா ஒன்றே. இரட்டையரின் மரபணுத் தொகுதியில் இலட்சக்கணக்கான இடங்களைத் தனித்தனியே சோதிக்கும் முறை பின்னர் வந்தபோது, முடிவுகளைத் தொகுப்பதே தனிப் பணியாயிற்று. சங்கச் சொற்களைக் கணினியால் எண்ணி ஆராய்வோரும் இச்சிக்கலையே எதிர்கொள்கின்றனர்.

அகநானூற்றிலும் புறநானூற்றிலும் 1,000 சொற்களின் பயில்வு வேறுபடுகின்றதா என்று, பாடல்தோறும் அவை வரும் எண்ணிக்கையைக் கொண்டு, சொல்லுக்கொரு டி சோதனை நிகழ்த்துவதாகக் கொள்வோம். உண்மையில் வேறுபாடே இல்லாவிடினும், 0.05 என்னும் வரம்பில் ஏறத்தாழ 50 சொற்கள் வேறுபடுவனபோல் தோன்றும். அவற்றின்மேல் கால ஆராய்ச்சியையோ ஆசிரியர் ஆராய்ச்சியையோ எழுப்பினால் அது மணல்மேற் கட்டிய வீடே.

ஆர் மொழியில் டி சோதனை ஒற்றை எண்ணைத் தருவதில்லை. சோதனை அளவை, பி மதிப்பு, நம்பிக்கை இடைவெளி, இரு சராசரிகள் முதலியன அடங்கிய பட்டியலைத் தருகிறது. பலரும் மடக்கு ஒன்றை எழுதி, பி மதிப்பை மட்டும் ஒரு வரிசையின் இறுதியில் சேர்த்துக்கொண்டே செல்வர். ஒவ்வொரு முறையும் வரிசை முழுவதும் படியெடுக்கப்படுவதால் இது மெதுவானது. அதனினும் பெருங்குறை, எஞ்சிய விவரங்கள் இழக்கப்படுதல். எல்அப்ளை என்னும் சார்பைப் பயன்படுத்தினால் 1,000 முடிவுகளும் சொற்பெயருடன் ஒரே பட்டியலில் முழுமையாக அமையும். வேண்டிய கூறுகளைப் பின்னர் எடுத்து, சொல்லுக்கொரு வரியாக அட்டவணை ஆக்கிக்கொள்ளலாம்.

சந்தி பிரிப்பு வேறுபாட்டால், ஒரு சொல் இரு தொகுதிகளிலும் ஒருமுறைகூட அவ்வடிவில் வராமல் போகலாம். தரவு மாறாதிருப்பதால் அச்சோதனை பொருளுள்ள பி மதிப்பைத் தராது. சோதனை பிழை காட்டி நின்றால் ஓட்டம் முழுவதும் நின்றுவிடும். டிரைகேட்ச் கொண்டு அவ்விடத்தில் விடுபட்ட மதிப்பு எனக் குறித்தால் பணி தொடரும். எந்தச் சொல் சோதிக்கப்படவில்லை என்பதும் அட்டவணையில் தெரியும்.

பொருட்படுத்தத்தக்கவை எனத் தோன்றிய 50 முடிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கும் வழக்கமே மிகவும் தீங்கானது. திருத்தம் மொத்தச் சோதனைகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது. போன்ஃபெரோனி முறையில், 0.0005 என்னும் பி மதிப்பு 50ஆல் பெருக்கப்படின் 0.025 ஆகி வரம்புக்குள் நிற்கும். உரியவாறு 1,000ஆல் பெருக்கப்படின் 0.5 ஆகி வீழும். பி.அட்ஜஸ்ட் என்னும் சார்பு, வேறு எண் தரப்படாதவரை, தன்னிடம் வந்த மதிப்புகளையே எண்ணும். நாம் நீக்கியவற்றை அது அறியாது.

அச்சார்பிலுள்ள முறைகளுள், 1979இல் ஹோம் வகுத்தது சொற்கள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என நிபந்தனை இடுவதில்லை. ஒரே பாடலில் உடன்வரும் சொற்கள் மிகுந்த சங்கப் பனுவல்களுக்கு அது ஏற்றது. ஐயத்திற்குரிய சொற்களைத் திரட்டிப் பின்னர் ஒவ்வொன்றையும் பாடற்சூழலில் வைத்துப் படிப்பதே நோக்கமாயின், 1995இல் பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் தந்த நெகிழ்வான முறை போதும்.