கரிசல் விதைப்பும் மழைக் குறிகளும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் தாலூகாக்களின் மானாவாரிக் கரிசலில் புரட்டாசியே விதைப்புக் காலம். மழை பெய்துவிட்டால் அம்மண் களியாகி ஏரும் மாடும் உள்ளே செல்ல இடங்கொடாது. ஆதலின் குடியானவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னரே புழுதியில் சோளமும் பருத்தியும் விதைத்துவிடுகின்றனர். பின்னர் மழை பொய்த்தால் வித்தும் கூலியும் நஷ்டம். இதுபற்றியே வானத்தையும் பூச்சிகளையும் பார்த்து மழையை நிதானிக்கும் வழக்கம் அப்பக்கத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை.

இக்குறிகளுள் சில தள்ளத்தக்கன அல்ல. சந்திரனைச் சுற்றித் தோன்றும் அகன்ற கோட்டை, மிக உயரத்திலுள்ள மெல்லிய மேகத்தின் பனிப்பளிங்குகளால் உண்டாவது. வங்காளக் குடாக்கடலில் காற்றழுத்தம் தாழும்போது அவ்வித மேகம் மழைக்கு முன்னே வருவதுண்டு. மழையின்றிக் கலைவதும் உண்டு. தும்பி தாழப் பறப்பதும், எறும்பு முட்டையுடன் மேடேறுவதும் காற்றின் ஈரத்தைக் காட்டலாம். ஈசலோ பெரும்பாலும் மண் நனைந்த பின்னரே புற்றைவிட்டுக் கிளம்புகிறது. எப்படியாயினும் இவை ஓரிரு நாள் செய்திக்கு மேல் சொல்லமாட்டா.

கர்ப்போட்டம் வேறு வகை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் சுமார் 14 நாட்களில் மேகம் ஓடும் விதத்தைக் கண்டு, வரும் வருஷத்து மழையையே கணிக்கின்றனர். மேகம் கருக்கொண்ட 195-ஆம் நாள் மழையாகும் என்பது ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கூறும் கணக்கு. அவ்விதம் எண்ணினால் பூராட நாட்களின் கரு ஜூலை மத்தியில் மழையாக வேண்டும். வடதேசத்தில் அது மழைக்காலந்தான். கரிசலிலோ அப்பொழுது மேல்காற்று புழுதி வாரும். பயிருக்கான மழை இன்னும் மூன்று மாதம் கழித்தே வரும். மார்கழி மேகத்தை நம்பி வித்துக்குக் கடன் வாங்குவது தகாது.

புழுதி விதைப்பில் பெருங்கேடு செய்வது முதற் சிறுதூறலேயாம். மேலாகக் கிடக்கும் வித்து அதில் முளைத்து, அடுத்த மழை தாமதிக்கக் கருகிவிடும். சோள வித்தை 2 அங்குல ஆழத்தில் இட்டால் 15 முதல் 20 மில்லிமீட்டர் மழை விழுந்தாலன்றி முளை கிளம்பாது. கொழுவின் ஆழத்தை வயலிலேயே குச்சியால் அளந்து பார்ப்பது நலம். கண் மதிப்பு பெரும்பாலும் தவறுகிறது.

2016-இல் போல வடகிழக்குப் பருவமழை நூற்றுக்கு 62 பங்கு குறையும் வருஷத்தில் ஆழ விதைப்பும் காப்பாற்றாது. அதற்குப் பயிர்க் காப்பீடு உண்டு. அதற்கு வேண்டிய விதைப்புச் சான்றைக் கிராம அதிகாரிகள், முளை காணட்டும் என்று நிறுத்திவையாமல், புழுதியில் விதைத்ததைப் பார்வையிட்டவுடனேயே கொடுத்துவிட வேண்டும்.