ஐம்பத்து மூன்றாவது ஆள்

ஜூலைக் கடைசியில் கிரீன் பே நகரத்துச் சிறுவர்கள் காலையிலேயே சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு லாம்போ ஃபீல்டு மைதானத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளேயிருந்து வரும் ஆட்டக்காரர் வரிசையை ஒரு பார்வை பார்த்து ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுப்பார். நூற்று முப்பது கிலோ எடையுள்ள மனிதர், பத்து வயதுப் பிள்ளையின் வண்டியில் முழங்கால்கள் அகல விரிய உட்கார்ந்து பயிற்சி மைதானத்துக்கு மிதிப்பார். வண்டிக்குச் சொந்தக்காரப் பிள்ளை அவருடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே ஓடும். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வழக்கம் இது. கிரீன் பே பேக்கர்ஸ் அணி புதிய சீசனுக்குத் தயாராகத் தொடங்கிவிட்டது என்பதற்கு ஊருக்கு வேறு அறிவிப்பு தேவையில்லை.

அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை நியூயார்க், சிகாகோ, டாலஸ் போன்ற பெருநகரங்களில், பெரும் பணக்காரர்களின் கையில் இருப்பவை. விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் கிரீன் பேயின் அணி மட்டும் பொதுமக்களுடையது. 1919இல் உள்ளூர் இறைச்சி நிறுவனம் ஒன்று சட்டை வாங்க 500 டாலர் கொடுத்ததில் பிறந்த அணி, 1923இல் பங்கு விற்றுக் கடனிலிருந்து தப்பியது. இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது; விலையும் ஏறாது; சந்தையில் விற்கவும் முடியாது. ஆனாலும் வாங்குகிறார்கள். ஜூலையில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் மைதானத்துக்கே வந்து உட்காருகிறார்கள்.

இந்த ஆட்டம் நமக்குப் பழக்கமான கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, கையில் பிடித்து ஓடுவதும் எறிவதுமே அதிகம். அணிக்கு 11 பேர், 100 கெஜ நீள மைதானம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடியும். அந்தச் சில விநாடிகளில் 11 பேரும் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே வரையப்பட்டிருக்கும். அந்த வரைபடங்களின் தொகுப்புக்குப் பெயர் பிளேபுக். நூற்றுக்கணக்கான திட்டங்களை மனப்பாடம் செய்யாதவருக்கு, எவ்வளவு வேகம் இருந்தாலும் வேலையில்லை. ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம், பந்தை உதைக்கும் நேரங்களுக்கென்று இன்னொரு கூட்டம் என்று தனித்தனியாக ஆள் வேண்டும். ஓர் அணிக்கு 53 பேர் தேவைப்படுவது இதனால்தான்.

கோடையில் கூடுகிறவர்களோ 90 பேர்.

இவர்கள் வந்து சேரும் வழிகள் பல. ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளாக அணிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. முந்தைய ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை. 2025இல் அந்த விழாவே கிரீன் பேயில்தான் நடந்தது. பேக்கர்ஸ் தன் முதல் தேர்வாக டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கோல்டனை அறிவித்தபோது லாம்போ ஃபீல்டைச் சுற்றிக் கூடியிருந்த சொந்த ஊர் ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். அவரைப் போன்றவர்களுக்கு இடம் உறுதி. ஏழு சுற்றிலும் பெயர் வராமல் தொலைபேசியில் அழைக்கப்பட்டவர்களும், வேறு அணிகள் கழற்றிவிட்டவர்களும் அதே 90 பேரில் இருக்கிறார்கள். கோடை முழுவதும் போராட்டம் இவர்களுடையது. பத்திரிகைகள் நட்சத்திரங்களைப் பின்தொடர்கின்றன. ஆனால் ஒரு பயிற்சி முகாமின் உயிர், இந்தப் பெயர் தெரியாதவர்களிடத்தில்தான் இருக்கிறது.

பயிற்சி முகாம் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது வின்ஸ் லோம்பார்டியைத் தாண்டிப் போக முடியாது. 1958இல் 12 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றிருந்த பேக்கர்ஸுக்கு மறு ஆண்டு பயிற்சியாளராக வந்தவர். அடுத்த ஆண்டே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பிலடெல்பியாவிடம் 17-13 என்று தோற்றார்கள். ஏழு மாதம் கழித்து, 1961 ஜூலையில், முகாமின் முதல் கூட்டம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்த தேர்ந்த ஆட்டக்காரர்கள். லோம்பார்டி பந்தைக் கையில் தூக்கிக் காட்டி, இதுதான் ஃபுட்பால் என்று தொடங்கினார். மறிப்பது எப்படி, பிடித்து வீழ்த்துவது எப்படி என்று பால பாடத்திலிருந்து எல்லாம் மறுபடி. அந்த ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் ஜயண்ட்ஸை 37-0 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். ஏழு ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பை இன்று அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அந்தக் காலத்து முகாம்கள் கொடுமையானவை. காலையில் ஒரு பயிற்சி, மாலையில் ஒரு பயிற்சி, இரண்டும் முழுக் கவசத்தோடு. அதைத் தாங்குவதுதான் ஆண்மை என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 2001 ஜூலை 31 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் முகாமில், கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் பயிற்சி செய்த கோரி ஸ்ட்ரிங்கர் சுருண்டு விழுந்தார். உடல் வெப்பம் 108 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. மறுநாள் அதிகாலை இறந்துபோனார். வயது 27. வெயில் தாக்கிய உடலை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்பதால்தான் இந்தச் சாவு இன்னும் மனத்தை அறுக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் இயங்கும் நிறுவனம் பள்ளி மைதானங்கள் வரை அந்தப் பாடத்தைக் கொண்டுபோகிறது. ஆட்டக்காரர் சங்கம் 2011இல் போட்ட ஒப்பந்தம், முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இருமுறை பயிற்சி என்பதை ஒழித்தது. இப்போது முகாமின் முதல் சில நாள் கவசமில்லாமல், உடல் பழகுவதற்காகவே ஒதுக்கப்படுகிறது. தலையோடு தலை அதிகம் மோதும் இடங்களில் ஆடுகிறவர்கள் ஹெல்மெட்டின் மேல் மெத்தை போன்ற உறையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. பார்க்க அழகாக இல்லை என்று குறைபட்டவர்கள் உண்டு. அழகுக்காக மூளையைப் பணயம் வைக்க முடியாது.

ஆகஸ்டில் மூன்று முன்னோட்ட ஆட்டங்கள் நடக்கும். புள்ளிப் பட்டியலில் அவற்றுக்குக் கணக்கில்லை. முன்னணி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்பார்கள். பட்டியலின் அடியில் இருப்பவனுக்கோ வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் 90 பேர் 53 பேராகச் சுருங்க வேண்டும். 32 அணிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழக்கும் வாரம் அது. காலையில் யாராவது வந்து, பயிற்சியாளர் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா என்று சொன்னால் விஷயம் முடிந்தது. 53இல் ஒருவரானால், 2025 கணக்குப்படி, புதியவருக்கும் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 8,40,000 டாலர். விடுபட்டவரை வேறு அணி ஒரு நாளுக்குள் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

1994 முகாமில் பேக்கர்ஸ் இப்படி அனுப்பிவிட்டவர்களில் ஒருவர் கர்ட் வார்னர். பந்தை எறியும் க்வார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் பிரெட் ஃபார்வ் உட்பட மூன்று பேர் இருந்தார்கள். ஊர் திரும்பி, அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு இரவு நேரத்தில் அலமாரிகளை அடுக்கினார். பிறகு உள்ளரங்க லீக்கில் ஆடிப் பிழைத்தார். 1999 ஆகஸ்டில், செயின்ட் லூயிஸ் ராம்ஸின் முன்னோட்ட ஆட்டம் ஒன்றில் முதல் க்வார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் சிதைந்தது. உள்ளே வந்த வார்னர் அந்த சீசனில் 41 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்து, லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகி, சூப்பர் பவுலையும் வென்றார். ஆளை எடைபோடுகிறவர்களின் கண் எவ்வளவு தவறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தவறாமல் கணித்ததற்கும் அதே கிரீன் பேயில் உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் பேக்கர்ஸ் தன் முதல் க்வார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வுக்கு நான்கு ஆண்டுக்கு 22 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. பேச்சு எல்லாம் அதைப் பற்றித்தான். ஆகஸ்ட் 26 அன்று, பட்டியல் சுருங்கும் நாளுக்கு முந்தைய நாள், டென்னசி டைட்டன்ஸ் வைத்துக்கொள்ள விரும்பாத மாலிக் வில்லிஸை ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வு உரிமைக்கு வாங்கினார்கள். மலிவிலும் மலிவான விலை. கோடை முழுவதும் மாற்று க்வார்ட்டர்பேக் இடத்துக்குப் போட்டியிட்ட இரண்டு இளைஞர்களும் மறுநாள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பலருக்கு அது புரியவில்லை.

செப்டம்பர் 6 அன்று பிரேசிலின் சாவ் பாலோவில் நடந்த முதல் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் லவ்வின் முழங்காலில் தசைநார் காயம். ஊருக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத வில்லிஸ் களமிறங்க வேண்டியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் மேட் லஃப்ளூர் அவருக்காகத் திட்டத்தையே மாற்றினார்: இண்டியானாபோலிஸுக்கு எதிரான ஆட்டத்தில் 53 முறை ஓட்டம், 14 முறை மட்டுமே எறிதல். 16-10 என்று வென்றார்கள். அடுத்த வாரம், வில்லிஸை விட்டுக்கொடுத்த டைட்டன்ஸை அவர்கள் ஊரிலேயே 30-14 என்று வென்றார்கள். அந்த சீசனை பேக்கர்ஸ் 11 வெற்றி, 6 தோல்வியோடு முடித்து, லீக்கின் இரு பெரும் பிரிவுகளில் தன் பிரிவிலிருந்து பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போன ஏழு அணிகளில் கடைசி அணியானது. 10 வெற்றி பெற்ற சியாட்டில் வெளியே நின்றது.