விடாத காய்ச்சலா? உடம்பில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள்!

"அஞ்சு நாளா காய்ச்சல் விடலை டாக்டர். டெங்கு இல்லை, மலேரியா இல்லைன்னு ரிசல்ட் வந்துடுச்சு. நீங்க நிலவேம்புக் குடிநீர் கொடுங்க, சரியாயிடும்" என்று சொல்லித் தன் மனைவியைக் கோவளத்திலிருந்து அழைத்து வந்தார் ஒருவர். மார்கழி மாதம். தலைவலியில் அந்த அம்மாவால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"காய்ச்சலுக்கு முன்னாடி புதர், தோப்புப் பக்கம் போனீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் காலி மனையில புல் மண்டிக் கிடந்தது. பத்து நாளைக்கு முன்னாடி நான்தான் கூட நின்னு வெட்ட வச்சேன்" என்றார்.

என் உதவியாளரான பெண்ணைவிட்டு உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னேன். அக்குளில் இருந்தது, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. அதனால் அவருக்கே தெரியவில்லை. இதுதான் 'ஸ்க்ரப் டைபஸ்' என்கிற உண்ணிக் காய்ச்சல். குடிநீர் கொடுக்காமல், அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

கடிப்பது எது?

நாயின் காதில் கொழுத்துத் தொங்குமே, அந்த உண்ணி அல்ல. இது வேறு வகைச் சிற்றுண்ணி. அதன் இளம்புழுதான் கடிக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவு. புல், புதர், எலி நடமாட்டம் உள்ள இடங்களில் இருக்கும். அதன் உமிழ்நீர் வழியே 'ஓரியன்ஷியா' என்ற கிருமி நம் உடம்புக்குள் போகிறது. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

நம் பக்கத்தில் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் இது அதிகம். கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குப் பிக்னிக் போகிறவர்களும் கவனிக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பக்கம், தொப்புள், இடுப்பில் துணி இறுகும் இடம், காதின் பின்புறம். கூச்சப்படாமல் வீட்டிலேயே பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: எல்லோருக்கும் பொருக்கு வராது. பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

கைவைத்தியம் எதுவரை?

வெறும் பூச்சிக்கடிக்கு, பாட்டிமார் சொல்லும் 'காணாக்கடி' தடிப்புக்கு, குப்பைமேனி இலையோடு மஞ்சள் சேர்த்தரைத்துப் பூசலாம். விரலிடுக்கில் ராத்திரி மட்டும் அரிப்பு அதிகமானால் சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். துணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்குக் கஷாயம் போதாது. சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். 'டாக்ஸிசைக்ளின்' என்ற விலை குறைந்த மாத்திரை இதற்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு 'அசித்ரோமைசின்' தருவார்கள். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் தணியும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். முற்றிய நிலையில் வருபவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவும் நாட்களும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலும் போகலாம். அதனால் "புதர்ப் பக்கம் போனேன்" என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

வராமல் தடுக்க

* புல் வெட்டும்போது முழுக்கை, முழுக்கால் உடை, மூடிய செருப்பு.
* திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியல். போட்டிருந்த துணியை உடனே துவையுங்கள்.
* துணியைப் புல்தரையில், செடிமேல் காய வைக்காதீர்கள்.
* வீட்டைச் சுற்றிப் புதரும் எலியும் சேரவிடாதீர்கள்.

மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லையா? தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். அக்குளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.