21 கி.மீ.: நிதானமே பிரதானம்

முதல் முறையாக அரை மாரத்தான் ஓடக் கிளம்புபவர்கள் தூரத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். அவர்கள் பயப்பட வேண்டியது அவசரத்தைக் கண்டு.

ஜூலை மாத தில்லியில் காலை ஐந்து மணிக்கே சட்டை நனைந்துவிடும். சாணக்கியபுரி நேரு பூங்காவிலும் லோதி தோட்டத்திலும் இந்தியா கேட்டைச் சுற்றியும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்களில் பலரும் பள்ளி விளையாட்டு தினத்துக்குப் பிறகு ஓடியறியாதவர்கள். வங்கி ஊழியர்கள், அரசு அதிகாரிகள், கல்லூரி ஆசிரியர்கள், பிள்ளைகள் கண் விழிப்பதற்குள் வீடு திரும்பியாக வேண்டிய இல்லத்தரசிகள். அக்டோபரில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் தொடங்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். முன்னால் இருக்கும் தூரம் 21.0975 கி.மீ. கையில் இருப்பது சுமார் மூன்று மாதம்.

நெடுந்தூர ஓட்டம் என்றாலே ராணுவம், போலீஸ், ரயில்வே அணிகளின் சமாச்சாரம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 2004ல் மும்பையின் ஜனவரி மாரத்தானும் 2005ல் தில்லியின் அரை மாரத்தானும் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. 2008ல் பெங்களூரில் 10 கி.மீ. ஓட்டம், 2012ல் லே நகரில் லடாக் மாரத்தான், 2014ல் கல்கத்தாவில் 25 கி.மீ. ஓட்டம் என்று பட்டியல் நீண்டது. இன்று தொடக்கக் கோட்டில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெயிக்க வந்தவர்கள் அல்லர். முடிக்க வந்தவர்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் அவினாஷ் சாப்ளே, 2020 நவம்பரில் தில்லி அரை மாரத்தானை 60 நிமிடம் 30 விநாடியில் முடித்தார். 61 நிமிடத்துக்குள் இந்தத் தூரத்தை ஓடிய முதல் இந்தியர் அவர். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் புதியவர் அதே தூரத்தை முடிக்க 2 மணி 49 நிமிடம் ஆகும். ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் அவர் சாலையில் இருக்கிறார். அவருடைய பயிற்சியும் உணவும் தண்ணீரும் வேறு கணக்குப்படி அமைய வேண்டும். ஆனால் புதியவர்களில் பலர் முதல் நாளிலிருந்தே பந்தயக் குதிரைகளாகிவிடுகிறார்கள்.

எலும்பு கேட்கும் அவகாசம்

வினை பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வருகிறது. ஓடத் தொடங்கிய சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் பழகிவிடுகின்றன. மூச்சு வாங்குவது குறைகிறது. உடம்பு தயாராகிவிட்டது என்ற எண்ணம் வந்து, ஐந்து கிலோமீட்டர் ஓடியவர் திடீரென்று பத்து ஓடுகிறார். ஆனால் தசைநாரும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். முன்னங்கால் எலும்பில் வலி, குதிகால் வலி, முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. ஒரு வார ஓய்வில் சரியாகக்கூடியதை வலி மாத்திரையால் அடக்கிக்கொண்டு ஓடுபவர், எலும்பில் கீறல் விழும் அளவுக்குக் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

இதற்கு மருந்து பொறுமைதான். பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே புதியவருக்கு உரிய வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டம் போதும். அதில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு, நீண்ட ஓட்டம். அதை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் கூட்டிக்கொண்டே போய், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும். போட்டிக்கு முன்பே 21 கிலோமீட்டரை ஓடிப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு முன் 16 முதல் 18 கி.மீ. வரை ஒரு முறை ஓடியிருந்தால் போதுமானது. அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி வாரத்தில் அவசரமாக ஓடிச் சேர்க்கும் பலம் எதுவும் கிடையாது. சேர்வது களைப்பு மட்டுமே.

நடுவில் நடப்பதை அவமானமாக நினைப்பவர்கள் அதிகம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, சில நிமிடம் ஓட்டம், பிறகு ஒரு நிமிடம் நடை என்று முறைவைத்துக்கொள்ளும் பயிற்சியை 1970களிலிருந்தே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். களைத்த பிறகு நடப்பதல்ல இந்த முறை. களைப்பதற்கு முன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே நடப்பது. இப்படி முடிப்பவரின் கழுத்திலும் அதே பதக்கம்தான் விழுகிறது.

விடியுமுன் தெருவில் இறங்கும் பெண்களுக்கு வேறு சங்கடங்களும் உண்டு. இருட்டு, தெரு நாய்கள், உற்றுப் பார்க்கும் கண்கள். அதனால்தான் அவர்களில் பலர் குழுவாக ஓடுகிறார்கள். மிலிந்த் சோமனும் நண்பர்களும் 2012ல் பெண்களுக்கென்றே தொடங்கிய பிங்கத்தான் ஓட்டத்துக்குப் பல நகரங்களில் கிடைத்த வரவேற்புக்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

புழுக்கமும் புகையும்

தில்லியில் பயிற்சி பெறுபவருக்கு இரண்டு எதிரிகள். முதலாவது மழைக்காலப் புழுக்கம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாவதில்லை. உடம்பின் சூடு வெளியேற வழியில்லாமல் இதயம் கூடுதலாக உழைக்கிறது. குளிர்காலத்தில் ஓடும் அதே வேகத்தை ஆகஸ்டில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கடிகாரத்தைப் பார்த்து மனம் உடைபவர்கள் இந்த மாதங்களில்தான் விட்டுவிடுகிறார்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்பவர்களுக்கோ செப்டம்பர் கடைசியில் காற்று உலரத் தொடங்கியதும் கால் தானாகவே இலேசாகிறது.

இரண்டாவது எதிரி காற்று மாசு. 2017ல் தில்லி அரை மாரத்தான் நவம்பர் 19 அன்று நடக்க இருந்தபோது நகரம் புகை மண்டலத்தில் மூழ்கியிருந்தது. ஓட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கோரி இந்திய மருத்துவச் சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. முகமூடி அணிந்தும் சிலர் ஓடினார்கள். மறு ஆண்டு போட்டி அக்டோபருக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பின், கொரோனா காலத்து 2020 போட்டி மட்டும் நவம்பரில் நடந்தது.

ஓடும்போது, சும்மா இருப்பதைப்போலப் பல மடங்கு காற்றை நுரையீரல் உள்ளே இழுக்கிறது. நச்சும் அதே கணக்கில் சேர்கிறது. காற்றுத் தரக் குறியீடு மோசமாக இருக்கும் நாளில் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்வதோ, ஓய்வெடுப்பதோ கோழைத்தனமல்ல. ஒரு வார இடைவெளியில் மாதக்கணக்கில் சேர்த்த பலம் கரைந்துவிடாது.

இதயத்தின் எச்சரிக்கை

மாரத்தானில் ஒருவர் சுருண்டு விழுந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம், ஓட்டமே ஆபத்து என்ற பேச்சு எழுகிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2012ல் வெளியானது. ஓட்டத்தின்போதோ முடிந்த உடனோ இதயம் நின்றவர்கள் 59 பேர். அதாவது 1,84,000 பேரில் ஒருவர். அரை மாரத்தானில் இந்த அபாயம் முழு மாரத்தானைவிடக் குறைவு. 59 பேரில் 51 பேர் ஆண்கள். 42 பேர் இறந்தார்கள். அருகில் இருந்தவர்கள் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இந்த எண்கள் தரும் ஆறுதலை இந்தியர்கள் எச்சரிக்கையுடன்தான் ஏற்க வேண்டும். தெற்காசியர்களை மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே தாக்குகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதே தெரியாமல் நாற்பதைக் கடப்பவர்கள் ஏராளம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு கண்டவர்கள் காலணி வாங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். காய்ச்சலோடு ஓடவே கூடாது. போட்டிக்கு முன் வலி மாத்திரை விழுங்கும் பழக்கமும் ஆபத்தானது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

தண்ணீரிலும் அவசரம் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே இதில் முக்கியமாகச் சிக்கினார்கள். மெதுவாக ஓடுபவர் ஒவ்வொரு மேஜையிலும் நின்று தம்ளர் தம்ளராகக் குடித்தால் இதே அபாயம்தான். தாகத்துக்குக் குடிப்பதும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இடையிடையே சேர்த்துக்கொள்வதும் போதும்.

முதல் கிலோமீட்டர்

போட்டி நாளில் புதியவரைக் கெடுப்பது கூட்டத்தின் உற்சாகம். மேளம் முழங்குகிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. பின்னாலிருந்து ஆயிரக்கணக்கானோர் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பயிற்சியில் எட்டு நிமிடத்தில் ஓடிய கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடிவிட்டு, இன்று கால்கள் பறக்கின்றன என்று பூரித்துப்போகிறார். விலை பின்னால் வருகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரைச் சத்து ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டத்துக்குத்தான் காணும். ஆரம்பத்தில் வேகம் கூடினால் அது இன்னும் சீக்கிரம் தீர்கிறது. 15, 16வது கிலோமீட்டரில் கால்கள் கல்லாகின்றன. மும்பை ஓட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பயந்து பேசும் பெடர் ரோடு ஏற்றம் வருவதும் பந்தயத்தின் பிற்பகுதியில்தான்.

எனவே முதல் ஐந்து கிலோமீட்டரில் மற்றவர்கள் முந்திப் போகட்டும் என்று விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். ஆனால் அதையும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். அன்றைக்கென்று புதிய காலணி, புதிய காலுறை, புதிய சிற்றுண்டி எதுவும் வேண்டாம். காலணியின் விலையை நம்பியும் பயனில்லை. வெறுங்காலுடன் ஓடிப் பெயர் பெற்ற ராணுவ வீரர் சிவ்நாத் சிங், 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் 11வதாக வந்தார். அதற்காகப் புதியவர் காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்தி, விரல் நுனிக்கு முன்னால் சற்று இடம்விட்டு, சில வாரங்கள் பழகிய சாதாரணக் காலணியே நல்ல காலணி.

வெற்றியாளர்கள் குளித்து உடை மாற்றிப் பேட்டி கொடுத்து முடித்த பிறகும் எல்லைக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பவர்கள்தான் இந்தப் போட்டிகளின் பெருங்கூட்டம். மறுநாள் இவர்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள். அலுவலகத்தில் பதக்கம் கைமாறிப் பார்க்கப்படும். அந்தப் பரபரப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, பெயர் கொடுக்க எந்தப் போட்டியும் இல்லாத ஒரு சாதாரணக் காலையில் மறுபடியும் நாலு கிலோமீட்டர் ஓடப் புறப்படுகிறாரே, அவருக்குத்தான் மூன்று மாத உழைப்பு உண்மையில் பலித்திருக்கிறது.