உள்ளம் பொருளோ, தொழிலோ?

புத்தளத்து உப்பளங்களில் விளைவது உப்புத்தான் என்பதனை அதன் பொருளே தீர்மானிக்கின்றது. சோடியம் குளோரைட்டு என்னும் சேர்வை இல்லாதவிடத்து, நிறத்தாலும் மணியின் வடிவாலும் ஒத்த பிறிதொன்றைக் கறியுப்பெனக் கொள்வாரில்லை. உடப்புக் கரையில் இழுக்கப்படும் கரைவலையோ அத்தகையதன்று. முன்னாளில் தும்பாலும் நூலாலும் அமைந்த வலை இன்று நைலோன் இழையால் ஆகின்றது. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. கடலை வளைத்து, இருபுறக் கயிறுகளாலும் கரைநோக்கி இழுபட்டு, மீனை மடியிற் சேர்க்கும்வரை அது கரைவலையே. உள்ளம் என நாம் வழங்குவது உப்பைப் போன்றதா, கரைவலையைப் போன்றதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கரைவலையைப் போன்றதே என்போர் மேனாட்டு மெய்யியலில் தொழிற்பாட்டுவாதிகள் எனப்படுவர். 17ஆம் நூற்றாண்டில் டேக்காட்டு உள்ளத்தை உடலின் வேறான தனிப் பொருளாகக் கொண்டார். ஒக்ஸ்போட் அறிஞர் கில்பட் றைல் 1949இல் அக்கொள்கையை எள்ளி, உள்ளத்தைப் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் மனிதர் ஒழுகும் முறைபற்றிய பேச்சே என வாதிட்டார். பின்னர் 1956இல் பிளேசும் 1959இல் ஸ்மாட்டும் உணர்ச்சிகள் மூளையின் நிகழ்ச்சிகளே என்றனர். இவ்விருவரும் உள்ளத்தை உப்பாகக் கண்டவர்கள் எனலாம். இதனை மறுத்து எழுந்தவர் அமெரிக்க அறிஞர் ஹிலரி புட்னம். 1960, 1967 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளே இக்கொள்கைக்குக் கால்கோள். மனிதனுக்கும் நோவு உண்டு. பேய்க்கணவாய்க்கும் நோவு இருத்தல் கூடும். இரண்டின் மூளையும் அமைப்பில் வெகுவாக வேறுபட்டவை. ஆகவே நோவென்பது ஒருவகை மூளை நிகழ்ச்சி மட்டுமாதல் இயலாது. அது ஆற்றும் தொழிலே அதன் இலக்கணம் என்றார் அவர்.

தொழிலென்பது யாது? உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவிலே தீமிதிப்போரைப் பார்த்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தணலில் கால் பதிகின்றது. அடியவர் அலறவில்லை, ஓடவில்லை. புற ஒழுக்கத்தை மட்டுமே உள்ளமெனக் கொள்பவர் இங்கே நோவில்லை என்று சொல்லவேண்டியவராவர். தொழிற்பாட்டுவாதி அவ்வாறு கூறான். வெம்மை நோவை விளைக்கும். நோவு விலகும் விருப்பை எழுப்பும். ஆனால் நேர்த்தி, பக்தி என்னும் பிற உளநிலைகள் இடைநின்று அவ்விருப்பைத் தடுக்கின்றன. எதனால் விளைகின்றது, எதனை விளைக்கின்றது, ஏனை உளநிலைகளோடு எங்ஙனம் பிணைந்துள்ளது என்ற மூன்றுமே ஓர் உளநிலையின் தொழில் என்க. நடத்தைவாதத்தினும் இது நுட்பமானது என்பதில் ஐயமில்லை.

இவ்வாறு தொழிலால் உள்ளத்தை வரையறுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம் அந்தக்கரணங்களை அவற்றின் செயலாலேயே வேறுபடுத்துகின்றது. புலன்வழி வந்ததைப் பற்றுவது மனம், சிந்திப்பது சித்தம், தெளியாமலே முனைந்தெழுவது அகங்காரம், ஆய்ந்து துணிவது புத்தி. இந்நான்கும் மாயையின் காரியங்கள், ஆதலின் சடம். இவற்றை அறிவென மயங்குதல் கூடாது என்பதும், அமைச்சரோடு கூடிய அரசன்போல ஆன்மா இவற்றோடு கூடிநின்று அறிகின்றது என்பதும் நான்காஞ் சூத்திரத்தின் கருத்து. மேனாட்டார் உள்ளம் என்று எல்லையிட்ட இடத்திலே சித்தாந்தம் கருவியை மட்டுமே காண்கின்றது.

ஆன்மா உண்டென்பதற்கு மூன்றாஞ் சூத்திரம் தரும் ஏதுக்களுள் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. கண் ஓசையை அறியாது. செவி உருவை அறியாது. ஐம்புலன் செய்தியையும் ஒருங்கே அறியும் ஒன்று அவற்றின் வேறாதல் வேண்டும். இதற்குத் தொழிற்பாட்டுவாதி சளைக்கமாட்டான். ஐந்தையும் தொகுப்பதும் ஒரு தொழிலே, அதற்கென ஓர் உறுப்பு அமைந்தாற் போதும் என்பான். எனது உடல் என்று கூறுதலால் உடலின் வேறாய் ஒருவன் உண்டு என்னும் ஏதுவுக்கும் அவன் அவ்வாறே விடையிறுப்பான். எனது என்பது அகங்காரத்தின் தொழிலென்று சித்தாந்தியின் நூலையே எடுத்துக் காட்டவுங்கூடும்! இவ்விடங்களில் அவன் வாதம் வலியுடையதென ஒப்புக்கொள்ளல் முறை.

அவன் இடறுவது வேறோரிடத்தில். 1978இல் நெட் புளொக் என்பார் ஒரு வினாவை எழுப்பினார். சீன தேசத்து மக்கள் அனைவரும் செய்தி மாற்றிக்கொண்டு ஒரு மூளையின் தொழிலை அப்படியே நடத்துவார்களாயின், அக்கூட்டம் முழுவதற்குமாக ஒரு நோவு உண்டாகுமோ? தொழிலெல்லாம் நிறைவேறியும் நோவின் நோதல் எங்கும் காணப்படவில்லை. 1980இல் ஜோன் சேர்ல் மொழிபற்றியும் இதையொத்த தடையை எழுப்பினார். சீனமொழி அறியாத ஒருவன் அறைக்குள்ளிருந்து, விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துகளில் பிழையின்றி விடையளித்தாலும் அவனுக்கு அம்மொழி விளங்கியதாகாது. புட்னமே 1988இல் வெளியிட்ட நூலிலே தம் பழைய கொள்கையைக் கைவிட்டார். அவர் காட்டிய காரணங்கள் பிறவாயினும், தாம் நட்ட மரத்தைத் தாமே தறித்த நேர்மை போற்றற்குரியது.

கரணம் தொழில்புரிதல் வேறு, அறிவு நிகழ்தல் வேறு என்ற சித்தாந்தப் பிரிவு இத்தடைகளுக்கு அணித்தாக நிற்கின்றது. எனினும் சித்தாந்திக்கும் ஒரு சங்கடம் உண்டு. இன்று இயந்திரங்கள் தமிழிலே வினவினால் தமிழிலே விடை தருகின்றன. அவை சடமே, ஆன்மா இல்லை என அவன் கூறலாம். ஆனால் அயலான் ஒருவனுக்கு ஆன்மா உண்டென்று அவன் அறிந்தது எவ்வாறு? பேச்சையும் செயலையும் கண்டு அனுமானித்தே அறிந்தான். அந்த அனுமானத்தை அயலானுக்கு வழங்கி இயந்திரத்துக்கு மறுப்பதற்கு அவன் ஏது காட்டவேண்டும். தனு, கரண, புவன, போகங்கள் வினைக்கீடாக இறைவனால் கூட்டப்படுவன, மனிதன் செய்த பொறி அவ்வாறு வந்த தனுவன்று என்பது அவனுடைய விடையாகும். அவ்விடை சித்தாந்த நூல்களை ஏற்றார்க்கு அமையும். அவற்றை ஏலாதாரோடு வாதிடுங்கால் அனுமானத்தாலேயே அதனை நிறுவவேண்டும். அப்பணி இன்னும் எஞ்சியே உள்ளது.